பெங்குவின் மொழி கற்ற கீரி

ஒரு காட்டில் தினமும் காலை ஏழு மணிக்கு நாற்பத்தொரு கைபேசிகள் ஓர் இலுப்பை மரத்தின் உச்சிக்கு ஏறும். ஏற்றுகிறவர் பெயர் கொண்டையன். அவர் ஒரு மரங்கொத்தி.

காடு முழுவதிலும் அந்த உச்சிக் கிளையில்தான் சிக்னல் கிடைத்தது. அதனால்தான் இந்த ஏற்பாடு. கைபேசிக்காரர்கள் மரத்தடியில் கூடையை வைத்துவிட்டு, பக்கத்தில் ஒரு பிடி கறையானையும் வைத்துவிட்டுப் போவார்கள். பெங்குவின் மொழிப் பாடங்களை அவர்களுக்காகக் கொண்டையன் தன் அலகால் தட்டி முடிப்பார். பத்து மணிக்குக் கூடை கீழே வரும். படித்துவிட்ட நிம்மதியோடு விலங்குகள் அவரவர் வேலைக்குப் போகும்.

பெங்குவின் மொழிக்கு இந்தக் காட்டில் என்ன வேலை என்று கேட்கலாம். பெங்குவின் நாட்டில் அப்போது ஆள் பற்றாக்குறை. முட்டையைக் காலில் வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் நிற்பதை அங்குள்ள இளைய தலைமுறை கௌரவக் குறைவாக நினைக்கத் தொடங்கியிருந்தது. அரசு முட்டைக் கிடங்குகளைக் கட்டி, காவலுக்கு வெளிநாட்டு விலங்குகளை எடுத்தது. கீரிகளுக்கு முன்னுரிமை என்று அறிவித்தது. முட்டைக்குக் கீரியைக் காவல் வைக்கும் நாடு ரொம்ப முன்னேறிய நாடாக இருக்க வேண்டும். இல்லையென்றால் கீரியைப் பற்றி எதுவும் விசாரிக்காத நாடாக இருக்க வேண்டும்.

அப்படிப் போனவன் செல்லையா என்கிற கீரி. அவன் போன ஆண்டு காட்டில் மழை பொய்த்து, பாம்புகள்கூட வேறு காடு தேடிப் போயிருந்தன. அவன் மனைவி மாரிக்கனி இங்கேயே வளையில் இருந்தாள். அவளையும் அங்கே அழைத்துக்கொள்ள அவனுக்கு மூன்று ஆண்டு அவகாசம் கொடுத்திருந்தார்கள். இந்தக் கதை நடக்கும் ஆண்டின் கார்த்திகையோடு அவகாசம் முடிகிறது. அதற்குப் பிறகு மனைவி என்று ஒருத்தி இருப்பதையே அந்த நாடு கணக்கில் எடுத்துக்கொள்ளாது.

நிபந்தனைகள் இரண்டு. ஒன்று வாய்மொழித் தேர்வு. மற்றது விளக்கு.

விளக்கு என்பது ஒரு செயலி. தினமும் ஒரு பாடம் முடித்தால் திரையில் ஒரு விளக்கு எரியும். ஒரு நாள் தவறினால் அணைந்துவிடும். அணைந்ததும் குட்டிப் பெங்குவின் ஒன்று திரையில் தோன்றி, கண்ணைக் கசக்கிக்கொண்டு அழும். ஓர் ஆண்டு அணையாமல் எரிந்தால்தான் தேர்வுக்கு உட்கார முடியும். ஏற்கெனவே அங்கே போய்விட்டவர்களையும் விளக்கு விடவில்லை. ஆண்டில் மூன்று முறை அணைந்தால் வேலை அனுமதி ரத்து. முட்டைக் கிடங்கில் உட்கார்ந்து பாடம் படிக்க அனுமதி இல்லாததால், செல்லையா விட்டுப் போன பழைய கைபேசியும் தினமும் மாரிக்கனியின் கைபேசியோடு சேர்ந்து மரமேறிக்கொண்டிருந்தது.

மாரிக்கனி ஆரம்பத்தில் தானே படித்துப் பார்த்தாள். 'குழந்தை ஆப்பிள் தின்கிறது' என்ற வாக்கியத்தைச் செயலி அவளிடம் பல தடவை கேட்டது. அவளும் சளைக்காமல் சொன்னாள். காட்டில் யாரும் ஆப்பிளைப் பார்த்ததில்லை. பக்கத்து வளைக்காரர்கள் எல்லாரும் கூடையில் போடுகிறார்களே என்று ஒரு வாரம் கழித்து அவளும் போட்டுவிட்டாள்.

அந்தச் சமயத்தில்தான் ஏரிக்கரைப் பல்கலைக்கழகத்திலிருந்து தில்லைநாயகம் வந்தார். அவர் ஒரு கொக்கு. முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்துகொண்டிருந்தார். 'அயல்மொழி கற்போரின் இணையவழிப் படிப்புப் பழக்கங்களைத் தீர்மானிக்கும் காரணிகள்' என்பது தலைப்பு. தலைப்பை ஒரு காலில் நின்றபடி ஒரே மூச்சில் சொல்வார்.

முதலில் பரமசிவம் என்ற கரடியிடம் போனார்.

"நீங்க எதுக்காக பெங்குவின் மொழி படிக்கிறீங்க?"

"சின்ன வயசுலேருந்தே மொழின்னா எனக்கு ஒரு இது சார்."

"எந்த நேரத்துல படிப்பீங்க?"

"அதிகாலைல. அப்பத்தான் மனசு தெளிவா இருக்கும்."

அப்போது மணி எட்டு. பரமசிவத்தின் கைபேசி மரத்தின் மேல் இருந்தது. உச்சியிலிருந்து டொக் டொக்கென்று சத்தம் வந்தது. கொக்கு கழுத்தை நீட்டிப் பார்த்தது.

"அது என்ன சத்தம்?"

"மரங்கொத்தி சார். காடுன்னா இருக்கத்தான செய்யும்."

கொக்கு 'உள்ளார்ந்த ஊக்கம்' என்று குறித்துக்கொண்டது. அடுத்து மாரிக்கனி.

"நீங்க எப்படிம்மா படிக்கிறீங்க?"

"நான் எங்க படிக்கேன்? அந்தா, மேல அண்ணாச்சி படிக்காரு. நாங்க கறையான் கொண்டாந்து குடுப்போம்."

கொக்கு தன் தாளைப் பார்த்தது. "உள்ளார்ந்த ஊக்கம், வெளி ஊக்கம், குடும்ப ஊக்கம். இந்த மூணுல உங்களுக்கு எது?"

"விளக்கு அணைஞ்சா அந்தப் பிள்ளை அழுவுது சார். பாக்கச் சகிக்கல. அதுக்குத்தான்."

"அதுக்குக் கட்டம் இல்லம்மா."

"அப்ப என்னை விட்டுருங்க."

கொக்கு அவளை விட்டுவிட்டது.

ஆவணியில் ஒரு நாள் கொண்டையனின் கழுத்து சுளுக்கிக்கொண்டது. தலையை ஒரு பக்கம் சாய்த்தபடியே முடிந்த வரை தட்டினார். கூடையின் மேலே கிடந்தவை தப்பின. செல்லையாவின் கைபேசி மேலே கிடந்தது. மாரிக்கனியின் கைபேசி அடியில் கிடந்தது. ஆண்டு நிறைய இன்னும் சில வாரங்களே இருந்தபோது அவள் விளக்கு அணைந்தது. திரையில் குட்டிப் பெங்குவின் அழத் தொடங்கியது.

"கழுத்து திரும்பல தாயி," என்றார் கொண்டையன், பக்கத்து மரத்தைப் பார்த்தபடி. அவளைப் பார்க்கத்தான் நினைத்தார், கழுத்து விடவில்லை.

"ஒரு வருசமா எரிஞ்ச விளக்கு அண்ணாச்சி."

"எனக்குத் தெரியாதா? நாந்தான எரிச்சேன்."

"கார்த்திகைக்குள்ள நான் போகலேன்னா அப்புறம் போகவே முடியாது. மறுபடி ஒரு வருசம் எரிக்க எங்க நேரம்? அதுல உதவி எண்ணுன்னு ஒண்ணு போட்டிருக்கு. கூப்பிட்டுச் சொன்னா ஏத்தி வைப்பாங்களாம். ஆனா அவங்க மொழியிலதான் பேசணுமாம். 'விளக்கு அணைஞ்சு போச்சு'ன்னு அவங்க மொழில எப்படிச் சொல்லணும்?"

"என்கிட்ட கேட்டா?"

"நாப்பத்தோரு பேருக்குப் படிக்கியளே!"

"நான் எங்க படிச்சேன்? சரியான விடை மேல இருக்கா கீழ இருக்கான்னுதான் எனக்குத் தெரியும். தப்பாத் தட்டினா சிவப்பு வரும். அடுத்த வாட்டி அந்த இடத்தைத் தட்ட மாட்டேன். அவ்வளவுதான் தாயி அந்த மொழி."

மாரிக்கனி தானே மரமேறி அந்த எண்ணைக் கூப்பிட்டாள். வெகு நேரம் இசை ஒலித்தது. பிறகு ஒரு பெண் பெங்குவினின் குரல் எதையோ கேட்டது. மாரிக்கனி தனக்குத் தெரிந்த ஒரே வாக்கியத்தைச் சொன்னாள். "குழந்தை ஆப்பிள் தின்கிறது." மறுமுனை நீளமாக ஏதோ சொல்லிவிட்டு இணைப்பைத் துண்டித்தது.

அந்த நீளமான ஏதோவை அவள் மறக்கவில்லை. மாலையில் அதே கிளையில் உட்கார்ந்து செல்லையாவோடு பேசும்போது அப்படியே ஒப்பித்துக் காட்டி, என்ன அர்த்தம் என்று கேட்டாள்.

"தெரியல ஏட்டி."

"மூணு வருசமா அங்கதான இருக்கிய?"

"நான் முட்டைகூடல்லா இருக்கேன். முட்டை என்ன பேசும்? மேலாளர் வந்து ஏதாவது சொன்னா 'சரி'ம்பேன். ஏசினா 'மன்னிக்கணும்'பேன். இந்த ரெண்டு வார்த்தையிலதான் ஓடுது." அதோடு நிறுத்தாமல், "நீ வந்தாத்தான் எனக்கு இங்க பேச்சுன்னு ஒண்ணு," என்றான்.

அன்றிலிருந்து மாரிக்கனி தினமும் உதவி எண்ணைக் கூப்பிட்டாள். அவள் வழி எளிமையானது. முதல் நாள் அவர்கள் சொன்னதை மறுநாள் அவர்களிடமே திருப்பிச் சொன்னாள். அது எந்த இடத்தில் செல்லுபடியாகிறது, எந்த இடத்தில் ஆகவில்லை என்று கவனித்துக்கொண்டாள். 'சற்றுக் காத்திருங்கள்' என்பது அவளுக்கு முதலில் பிடிபட்டது. அடுத்து 'அது எங்கள் பிரிவு அல்ல'. 'இதை ஏற்கெனவே தெரிவித்திருக்கிறோம்' என்பது ஒரு வாரத்தில் வந்தது. 'உங்கள் மேலாளரை அழையுங்கள்' என்ற வாக்கியத்தை அவர்களே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டபோது பிடித்துக்கொண்டாள். புரட்டாசி பிறந்தபோது, கேட்ட கேள்விக்குக் கேள்வியாலேயே பதில் சொல்லும் அளவுக்குத் தேறியிருந்தாள்.

வணக்கம், நன்றி, நலமா முதலிய சொற்கள் அவளுக்குக் கடைசி வரை தெரியாது. அந்தச் சொற்கள் தேவைப்படும் இடத்தில் அவள் அந்த மொழியைப் பேசியதே இல்லை.

கீழே கரடி அண்ணாந்து கேட்கும்: "என்ன மாரிக்கனி, படிப்பா?"

"படிப்பு ஒரு கேடா? சண்டை போட்டுட்டிருக்கேன்."

"அதான பாத்தேன். படிக்கிறவளுக்கு இவ்வளவு சத்தம் எதுக்கு?"

ஒரு நாள் மறுமுனையில் பேசிய பெண் பெங்குவின் உண்மையிலேயே அழுதுவிட்டது. செயலியில் அழும் குட்டியைப் பார்க்கச் சகிக்காத மாரிக்கனிக்கு இந்த அழுகையைக் கேட்கச் சகித்தது. அழுது முடியும்வரை பொறுத்திருந்து, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். அன்று மாலை அவள் விளக்கு மறுபடி எரிந்தது. அணைந்த நாளே இல்லாததுபோல் கணக்கையும் திருத்தியிருந்தார்கள்.

கார்த்திகையில் தேர்வு வந்தது. இலுப்பை மரத்தின் உச்சியில் கைபேசியைச் சாய்த்து வைத்து, விலங்குகள் ஒவ்வொன்றாக முகம் காட்டின. கரடியின் பாரம் கிளைக்குத் தாங்காது என்பதால் பரமசிவம் கீழே நின்றார். கொண்டையன் கைபேசியைக் கவிழ்த்துப் பிடித்திருந்தார். திரையில் மூத்த பெங்குவின் ஒன்று தேர்வாளராக உட்கார்ந்திருந்தது. இனி அவர்கள் மொழியில் பேசியதை நம் எழுத்து நடையில் தருகிறோம்.

"உங்கள் பெயர் என்ன?"

"குழந்தை ஆப்பிள் தின்கிறது," என்றார் பரமசிவம்.

"இன்று வானிலை எப்படி?"

"என் மாமா ஒரு மருத்துவர்."

"எங்கள் நாட்டில் என்ன செய்ய விரும்புகிறீர்கள்?"

"நூலகம் இடது பக்கம் இருக்கிறது."

தேர்வாளர் திருப்தியோடு தலையசைத்தார். தொடக்க நிலைத் தேர்வில் தொடக்க நிலைதான் எதிர்பார்க்கப்பட்டது. இவர் எதையும் கேட்க மாட்டார், கேட்டாலும் யாருக்கும் புரியாது. முட்டைக் கிடங்குக்கு இப்படிப்பட்டவர்தான் வேண்டும். பரமசிவம் தேறினார்.

மாரிக்கனி திரைக்கு முன்னால் வந்தாள்.

"உங்கள் பெயர் என்ன?"

"என் பெயர் விண்ணப்பத்தில் இருக்கிறது. விண்ணப்பம் உங்கள் முன்னால் இருக்கிறது. மூன்று முறை தெரிவித்தாயிற்று."

தேர்வாளர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "இன்று வானிலை எப்படி?"

"வானிலைக்கு யார் பொறுப்போ அவரைப் பேசச் சொல்லுங்கள். நான் காத்திருக்கிறேன்."

"அம்மா, இது தேர்வு."

"இதையே போன வாரமும் சொன்னீர்கள். என் புகாரைப் பதிவு செய்து எண்ணைக் கொடுங்கள்."

அவள் கோபமாக இல்லை. அவளுக்குத் தெரிந்த பெங்குவின் மொழி அவ்வளவுதான்; அதில் மரியாதையாகத்தான் பேசிக்கொண்டிருந்தாள். கடைசியில் சிரிக்கவும் செய்தாள். கீரி சிரித்தால் பல் தெரியும்.

மறுநாள் முடிவு வந்தது. தொடக்க நிலைத் தேர்வுக்கு வந்த ஒருவர் உள்நாட்டாரைவிடச் சரளமாக வாதாடுவது ஐயத்துக்கு இடமளிக்கிறது; அவர் முன்பே திருட்டுத்தனமாக எங்கள் நாட்டில் வசித்திருக்க வேண்டும்; ஆகவே அனுமதி மறுக்கப்படுகிறது. அந்த மாதக் கடைசியில் செல்லையாவின் மூன்று ஆண்டு அவகாசம் முடிந்தது.

"போச்சு," என்றாள் மாரிக்கனி மாலையில்.

"என்ன தப்பாச் சொன்ன?"

"எல்லாம் சரியாத்தான் சொன்னேன்."

"நான் திரும்பி வந்துருதேன்," என்றான் செல்லையா.

"வந்து? இங்க ரெண்டு பேரும் எதைத் திங்கிறது?"

வேலையை விட்டுவிடுகிறேன் என்று மேலாளரிடம் சொல்லலாம் என்றால், அதற்கும் அவனுக்கு மொழி தெரியாது.

மாரிக்கனி மறுநாள் வழக்கம்போல் உதவி எண்ணைக் கூப்பிட்டாள். இந்தத் தடவை அந்தப் பிரிவின் மேலாளரே எடுத்தார்.

"அம்மா, உங்களைச் சமாளிக்க இங்கே மூன்று பேரை வைத்திருந்தோம். மூவரும் வேலையை விட்டுப் போய்விட்டார்கள்."

"அது எங்கள் பிரிவு அல்ல."

"மூன்று இடமும் காலியாக இருக்கிறது. நீங்கள் வர முடியுமா?"

மார்கழி முதல் தேதியிலிருந்து மாரிக்கனி பெங்குவின் மொழி உதவி எண்ணில் வேலைக்குச் சேர்ந்தாள். அலுவலகம் இலுப்பை மரத்தின் உச்சி. விளக்கு அணைந்து அழைக்கிறவர்களிடம் ஏன் ஏற்ற முடியாது என்று விளக்குவது வேலை. சம்பளம் இரண்டு கீரிகள் தாராளமாகச் சாப்பிடும் அளவுக்கு வந்தது. ஆனால் மாலையில்தான் அழைப்புகள் அதிகம் என்பதால் அவளுக்கு மாலை வேலை. செல்லையா பேசும் நேரமும் அதுதான். அவர்கள் பேச்சு நின்றுபோனது.

தலைமையகத்துக்கு மாற்றல் கேட்டால் கிடைக்குமா என்று விசாரித்தாள். கிடைக்கும் என்றார்கள். தொடக்க நிலைத் தேர்வில் தேறிய சான்றிதழ் மட்டும் வேண்டும் என்றார்கள்.

தை மாதம் தில்லைநாயகம் முனைவர் ஆனார். இணையவழிப் படிப்புப் பழக்கத்தைத் தீர்மானிப்பது உள்ளார்ந்த ஊக்கமும் அதிகாலை வேளையும்தான் என்று அவர் ஆய்வு நிறுவியது. நூலாக வந்தபோது அட்டையில் பரமசிவத்தின் படம் இருந்தது. மாரிக்கனியின் பதில்கள் எந்தக் கட்டத்திலும் அடங்காததால் சேர்க்கப்படவில்லை. பரமசிவம் அதற்குள் பெங்குவின் நாட்டில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். அவர் விளக்கு மட்டும் இந்த மரத்தில் எரிந்துகொண்டிருந்தது.

மாசி மாதம் ஒரு காலையில் மாரிக்கனி கூடையிலிருந்து செல்லையாவின் பழைய கைபேசியை எடுத்து ஓரமாக வைத்தாள்.

"அண்ணாச்சி, எங்க வீட்டுக்காரர் போனை மட்டும் இனிமே தட்டாதிய."

"அணைஞ்சிருமே."

"அணையட்டும்."

"மூணு வாட்டி அணைஞ்சா ஆளைத் திருப்பி அனுப்பிருவான் தாயி."

"தெரியும். நாந்தான தினமும் எல்லாருக்கும் சொல்லுதேன்."

கொண்டையன் கைபேசியைப் பார்த்தார். "பிள்ளை அழுமே?"

"நல்லா அழட்டும்."

விளக்கு அணைந்தது. மூன்று கணக்கு வர வேண்டுமே என்று கொண்டையன் ஒரு பாடம் தட்டி ஏற்றிவிட்டு, மறுநாள் தட்டவில்லை. மறுபடி அணைந்தது. பிறகு மூன்றாவது முறை. குட்டிப் பெங்குவின் திரையை நனைத்துவிடும்போல் அழுதது. அங்கே கிடங்கில் மேலாளர் செல்லையாவின் கையில் ஒரு தாளைக் கொடுத்து எதையோ உரக்கச் சொன்னார். செல்லையா "மன்னிக்கணும்" என்றான். அவர் தாளில் இருந்த எண்ணைக் காட்டினார். செல்லையா அந்த எண்ணை அழைத்தான். இசை வெகு நேரம் ஒலித்தது.

"உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம். பெயரைச் சொல்லுங்கள்."

"ஏட்டி! மாரிக்கனியா?"

அழைப்புகள் எல்லாம் பதிவாகின்றன. வேறு மொழி பேசினால் இணைப்பு தானாகத் துண்டிக்கப்படும், வேலையும் போகும். மாரிக்கனி பெங்குவின் மொழியிலேயே தொடர்ந்தாள். குரலை மட்டும் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டாள்.

"உங்கள் விளக்கு மூன்று முறை அணைந்திருக்கிறது. மறுபடி ஏற்ற விதியில் இடம் இருக்கிறது. ஏற்றாமல் கணக்கை நிரந்தரமாக மூடவும் இடம் இருக்கிறது. மூடினால் நீங்கள் ஊருக்குத் திருப்பி அனுப்பப்படுவீர்கள். பயணச் செலவு அரசுடையது. கணக்கை மூட ஒப்புக்கொள்கிறீர்களா?"

செல்லையாவுக்கு அதில் ஒரு சொல்லும் புரியவில்லை. அவள் குரலைக் கேட்டுக்கொண்டே இருந்தான். அவள் நிறுத்திவிட்டுக் காத்திருந்தாள்.

"சரி," என்றான்.

அது பதிவில் தெளிவாக இருக்கிறது.

பங்குனி நான்காம் தேதி செல்லையா காட்டுக்கு வந்து சேர்ந்தான். மாரிக்கனி மரத்திலிருந்து இறங்கி வந்தாள்.

"அன்னிக்கு போன்ல என்னமோ கேட்டியே, என்னது அது?"

"வீட்டுக்கு வாரியளான்னு கேட்டேன்."

"அப்படித்தான் இருக்கும்னு நினைச்சேன்," என்றான் செல்லையா.

பங்குனி ஐந்தாம் தேதி காலை ஏழு மணிக்கு இலுப்பை மரத்தில் முப்பத்தொன்பது கைபேசிகள் ஏறின.

*

நீதி: அயல்மொழியைத் தினமும் ஒழுங்காகப் படித்தவர் அயல்நாட்டுக்குப் போகலாம்; சண்டை போட்டுக் கற்றவர், போனவரை வீட்டுக்கு வரவழைக்கலாம்.